முட்டை ஓடும் மீன் முள்ளும் எலும்புக்கு எப்படி உதவும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மும்பையில் ஒரு செராமிக் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். வீடு தாராவியில், 90 அடி ரோட்டை ஒட்டிய சந்து. சாயங்காலம் வேலை முடிந்து வரும்போது அண்ணாச்சியின் ஆம்லெட் வண்டியில் முட்டை ஓட்டைப் பையில் கட்டி வாங்கிக்கொண்டு போவேன். ஞாயிற்றுக்கிழமை சயான் கோலிவாடாவில் வஞ்சிரத்தின் நடுமுள்ளைக் கேட்டு வாங்குவேன். இதைப் பார்த்துப் பார்த்து, என்னிடம் கேள்வி கேட்காதவர்களே தெருவில் இல்லை. நின்ற இடத்தில் பாதிப் பாதியாகப் பதில் சொல்லி வந்ததில் சிலருக்குத் தப்பாகப் புரிந்துவிட்டது. முட்டை ஓட்டை இடித்துத் தின்றால் முறிந்த கை கூடிவிடும் என்று ஒரு சித்தி நம்பிவிட்டார். அதனால்தான் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

முட்டை ஓட்டிலிருந்து எலும்பு செய்ய முடியும் என்கிறார்களே, உண்மையா?

எலும்பு செய்வதில்லை. எலும்பை உடம்புதான் செய்யும், வேறு யாராலும் முடியாது. நாங்கள் செய்வது சாரம். கட்டடத்துக்கு வெள்ளையடிக்க மூங்கில் கட்டிச் சாரம் போடுகிறார்கள் இல்லையா, அது மாதிரி எலும்பில் குழி விழுந்த இடத்தில் நுண்துளைகள் நிறைந்த வெள்ளைத் துகள்களை நிரப்பினால், சுற்றியிருக்கும் எலும்பிலிருந்து செல்கள் அந்தத் துகள்களைப் பிடித்து ஏறி, துளைகளுக்குள் ரத்தக்குழாய் ஓடி, மெல்ல மெல்லப் புது எலும்பு வளர்கிறது. ஆஸ்பத்திரியில் இதற்கு 'போன் கிராஃப்ட்' என்பார்கள். இங்கே எலும்பு நிரப்பி என்று எழுதுகிறேன்.

இது ஏன் வேலை செய்கிறது என்றால், நம் எலும்பின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தாதுதான். கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த ஹைட்ராக்ஸிஅபடைட் என்ற படிக வகை அது. மிச்சத்தில் பெரும்பகுதி கொலாஜன் என்ற புரதம், கொஞ்சம் தண்ணீர். முட்டை ஓட்டில் கால்சியம் இருக்கிறது, மீன் முள்ளில் கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்தே இருக்கின்றன, மீன் செதிலில் கொலாஜன்கூட இருக்கிறது. எலும்புக்கு வேண்டிய சரக்கு நம் குப்பைக்கூடையில் கிடக்கிறது என்பது வரைக்கும் செய்தியில் வருவது சரி.

எலும்பு முறிந்தால் தானாகவே கூடிவிடுமே, இது எதற்கு?

பெரும்பாலான முறிவுகளுக்கு இது தேவையே இல்லை. மாவுக்கட்டு போட்டு அசையாமல் வைத்தால், தேவையானால் தகடு வைத்தால், உடம்பு பார்த்துக்கொள்ளும். இடைவெளி பெரிதாகிப் போன இடத்தில்தான் சிக்கல். ரயிலிலோ பைக்கிலோ அடிபட்டு ஒரு துண்டு எலும்பே போய்விட்டால், சீழ் பிடித்து அரித்த எலும்பைச் சுரண்டி எடுத்தால், கட்டியை எடுத்தபின் குழி விழுந்தால், பல் பிடுங்கிய பின் தாடை எலும்பு கரைந்து இம்ப்ளான்ட் (செயற்கைப் பல்லைத் தாங்கும் திருகு) நட இடமில்லாமல் போனால், அந்தக் குழி தானாக மூடாது.

முதல் தரமான தீர்வு நோயாளியின் சொந்த எலும்பேதான். இடுப்பெலும்பின் விளிம்பிலிருந்து வெட்டி எடுத்து வைப்பார்கள். அதில் உயிருள்ள செல்கள் இருக்கும், உடம்பும் மறுக்காது. ஆனால் ஒரு காயத்துக்கு இரண்டு காயம் ஆகிறது, இடுப்பில் வலி மாதக்கணக்கில் நீடிக்கலாம், எடுக்கக்கூடிய அளவும் கொஞ்சம்தான். அடுத்தது இன்னொரு மனிதரின் தான எலும்பு. மும்பையில் டாட்டா மெமோரியல் ஆஸ்பத்திரியில் 1988 முதல் திசு வங்கி இருக்கிறது, தானமாக வந்த எலும்பைச் சுத்தம் செய்து காமா கதிர் காட்டி வைத்திருப்பார்கள். இவை இரண்டும் போதாத இடத்தில்தான் விலங்கு எலும்பும் செயற்கை நிரப்பிகளும் வருகின்றன. எங்கள் முட்டை ஓட்டு வேலையும் இந்தக் கடைசி வரிசையில்தான்.

எந்தெந்தக் கழிவைப் பயன்படுத்துகிறார்கள்?

முட்டை ஓடு, மீன் முள், மீன் செதில், ஆட்டு மாட்டு எலும்பு, இறால் ஓடு, கணவாய் ஓடு, நெல் உமி. ஆராய்ச்சியில் பார்த்தால் பட்டியல் இன்னும் நீளம். கனடாவில் ஒட்டாவா பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ பெல்லிங் குழு ஆப்பிள் துண்டிலிருந்து செல்களை எல்லாம் கழுவி வெளியேற்றிவிட்டு, மிஞ்சிய நார்ச்சத்துக் கூட்டையே சாரமாக வைத்து 2014இல் விலங்குச் செல்களை வளர்த்துக் காட்டியது. அந்த நாரை நம் உடம்பால் கரைக்க முடியாது, உள்ளேயே தங்கிவிடும். அது நல்லதா கெட்டதா என்பது எந்த இடத்தில் வைக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

இறால் ஓட்டிலிருந்து கைட்டின் என்ற நார்ப்பொருளை எடுத்து அதைக் கைட்டோசானாக மாற்றுவார்கள். கொச்சியில் இருக்கும் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இதில் வெகுகாலமாக வேலை செய்கிறது. கைட்டோசான் தனியாக எலும்பைத் தாங்காது. தாதுப் பொடியோடு கலந்து, பஞ்சு மாதிரி வளையும் துண்டாக்கப் பயன்படும்.

கணவாய் ஓட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல ஆசை. நாட்டு மருந்துக் கடையில் 'கடல் நுரை' என்று விற்கிறார்களே, அதேதான். ஒடித்துப் பார்த்தால் உள்ளே அடுக்கடுக்காக மாடி வீடு மாதிரி அறைகள் தெரியும். அதைப் பொடிக்காமல் முழுத் துண்டாகவே பாஸ்பேட் கரைசலில் போட்டு, மூடிய கலனில் அழுத்தத்தோடு சுமார் 200 டிகிரியில் வைத்தால், அறைகள் அப்படியே இருக்க, பொருள் மட்டும் ஹைட்ராக்ஸிஅபடைட்டாக மாறிவிடும். இயற்கை கட்டிவைத்த சாரத்தை நாம் கலைக்காமல் எடுத்துக்கொள்கிறோம். நான் பார்த்த வேலைகளில் என் மனதுக்கு மிகவும் பிடித்தது இது.

நெல் உமி வேறு வழியில் வருகிறது. உமியை எரித்தால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சும், அந்தச் சாம்பலில் பெரும்பங்கு சிலிக்கா. அமெரிக்காவில் லாரி ஹென்ச் என்ற விஞ்ஞானி 1967இல் ஒரு பஸ் பயணத்தில், வியட்நாம் போரிலிருந்து திரும்பிய ராணுவ அதிகாரி ஒருவரின் பக்கத்தில் உட்கார்ந்தார். உடம்பு ஏற்றுக்கொள்கிற பொருள் இல்லாததால் கை கால்களை வெட்டி எடுக்க வேண்டியிருக்கிறது என்று அந்த அதிகாரி சொன்னதைக் கேட்டு, 1969இல் எலும்போடு ஒட்டிக்கொள்ளும் கண்ணாடியை உண்டாக்கினார். அதில் எடையில் 45 சதவீதம் சிலிக்கா. இன்று உமிச் சாம்பலிலிருந்து சிலிக்காவும் முட்டை ஓட்டிலிருந்து கால்சியமும் எடுத்து அதே வகைக் கண்ணாடியைச் செய்து பார்க்கிறார்கள்.

முட்டை ஓட்டை எப்படி மாற்றுகிறீர்கள்? படிப்படியாகச் சொல்லுங்கள்.

ஊரில் சுண்ணாம்புக் காளவாய் பார்த்தவர்களுக்கு முக்கால்வாசி ஏற்கெனவே தெரியும். கிளிஞ்சலைச் சுட்டு, தண்ணீர் தெளித்து நீற்றி, சுண்ணாம்பு எடுப்பார்கள். நாங்களும் அதையேதான் செய்கிறோம், அளவும் சுத்தமும்தான் வேறு.

ஓட்டில் சுமார் 95 சதவீதம் கால்சியம் கார்பனேட், கிளிஞ்சலும் சுண்ணாம்புக்கல்லும் எதுவோ அதே பொருள். முதலில் கழுவி, உள்சவ்வை உரித்து (இதுதான் கையை ஒடிக்கிற வேலை), காயவைத்து, பொடித்து, உலையில் 900 டிகிரிக்குப் பக்கம் சுடுகிறோம். கரியமில வாயு வெளியேறி 100 கிராம் சுத்தமான கார்பனேட் 56 கிராம் சுட்ட சுண்ணாம்பாக இறங்கும். அதைத் தண்ணீரில் நீற்றி, அந்தப் பாலில் பாஸ்பாரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்க வேண்டும். அவசரப்பட்டு ஊற்றினால் கெட்டது, கரைசல் காரத்தன்மை இழக்காமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தயிர் மாதிரி வெள்ளையாகத் திரண்டு படியும். ராத்திரி முழுக்க அப்படியே விட்டு, காலையில் வடித்து, பலமுறை கழுவி, உலர்த்தி, மறுபடியும் சுட்டால் ஹைட்ராக்ஸிஅபடைட்.

இதில் முக்கியம் விகிதம். 10 கால்சியத்துக்கு 6 பாஸ்பரஸ், அதாவது 1.67. கால்சியம் குறைந்தால் சுடும்போது டிரைகால்சியம் பாஸ்பேட் என்ற வேறு பொருள் கலந்துவிடும். கூடினால் சுண்ணாம்பு மிஞ்சும். மிஞ்சிய சுண்ணாம்பு உடம்புக்குள் போனால் என்ன செய்யும் என்று, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு அதிகமாகத் தடவி வாய் வெந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு கணக்கு உண்டு, எனக்குப் பிடித்தது. ஒரு கோழிமுட்டை ஓடு 5, 6 கிராம் இருக்கும். சரியாகச் செய்தால் அதிலிருந்து கிடைக்கும் ஹைட்ராக்ஸிஅபடைட்டும் ஏறக்குறைய அதே எடைதான், ஏனென்றால் வெளியேறும் வாயுவின் இடத்தைப் பாஸ்பேட் பிடித்துக்கொள்கிறது. பல் பிடுங்கிய ஒரு குழிக்கு அரை கிராமோ ஒரு கிராமோ போதும். ஒரு முட்டையில் சில பேருக்கு ஆகும். ஆனால் பாஸ்பரஸ் வெளியிலிருந்து வாங்கியது, அது கழிவு இல்லை. 'முழுக்க முழுக்கக் குப்பையிலிருந்து' என்று எங்காவது படித்தால் இந்த அமிலத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

மீன் முள்ளுக்கும் இதே வழிதானா?

இல்லை, அது சுலபம். மீன் முள்ளில் கால்சியம் பாஸ்பேட் தயாராகவே இருக்கிறது, அமிலம் வேண்டாம். வேகவைத்து ஒட்டிய சதையை எடுத்து, காயவைத்து, 600 டிகிரிக்கு மேல் சுட்டால் புரதமும் கொழுப்பும் எரிந்து தாது மட்டும் மிஞ்சும். சூரை, வஞ்சிரம் போன்ற பெரிய மீனின் நடுமுள் வசதி. மும்பையின் போம்பில் மீன் முள் அவ்வளவு மெல்லிசு, கையில் எதுவும் தேறாது.

முதல் தடவை மீன் முள்ளைச் சுட்டு உலையைத் திறந்தபோது பொடி வெளிர் நீலமாக இருந்தது. நான் பதறிப்போய் ஏதோ செம்பு கலந்துவிட்டது என்று நினைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, முள்ளில் இயல்பாக இருக்கும் மிகச் சிறிதளவு மாங்கனீசு காற்றில் சுடும்போது பாஸ்பேட்டின் இடத்தில் போய் உட்கார்ந்து அந்த நிறத்தைத் தருகிறது. இயற்கைப் பொருளில் இப்படித்தான், மெக்னீசியம், சோடியம், ஸ்ட்ரான்ஷியம் என்று கொஞ்சம் கொஞ்சம் கூடவே வரும். நம் எலும்பிலும் இவை உண்டு என்பதால், கடையில் வாங்கிய சுத்த ரசாயனத்தில் செய்த பொடியைவிட இது எலும்புக்கு இன்னும் நெருக்கம் என்று பலர் வாதிடுகிறார்கள். பாதி ஒப்புக்கொள்கிறேன். நெருக்கம்தான், ஆனால் இந்த மீனில் இருந்த அளவு அடுத்த மீனில் இருக்காது.

இது புதிய கண்டுபிடிப்பா?

யோசனை மிகப் பழசு. 1668இல் யோப் வான் மீக்கரென் என்ற டச்சு மருத்துவர், ரஷ்யப் போர்வீரன் ஒருவனின் உடைந்த மண்டையோட்டை நாயின் எலும்பை வைத்து அடைத்த சேதியைப் பதிவு செய்திருக்கிறார். 1892இல் ஜெர்மனியில் டிரீஸ்மான் எலும்புக் குழிகளை நிரப்பப் பயன்படுத்தியது பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், நமக்கு மாவுக்கட்டுப் போடும் அதே மாவு. 1920இல் ஃபிரெட் ஆல்பி கால்சியம் பாஸ்பேட்டை முயன்றார். 1974இல் டெல்லா ராயும் லினெகனும் கடல் பவளத்தை ஹைட்ராக்ஸிஅபடைட்டாக மாற்றிக் காட்டினார்கள். கணவாய் ஓட்டுக்குச் சொன்னேனே, அதற்கு முன்னோடி இதுதான். முட்டை ஓட்டைப் பற்றி 2019இல் பெரிதாகச் செய்தி வந்தது, அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் லோவெல் பல்கலைக்கழகத்தில் குல்டன் காம்சி-உனல் குழு ஓட்டின் நுண்துகள்களை ஜெலட்டின் கூழில் கலந்து எலும்புச் செல்களை வளர்த்தது.

நம்மூர்ப் பங்கு ஒன்றையும் சொல்ல வேண்டும். எலும்பின் இன்னொரு பகுதியான கொலாஜன், மூன்று இழை முறுக்கிய கயிறு மாதிரி இருக்கிறது என்று 1954-55இல் சொன்னவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். அதற்குப் பயன்பட்டது கங்காரு வாலின் தசைநாண். பக்கத்திலேயே தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருந்தது அவர்களுக்குப் பெரிய துணை. இன்று உலகத்தில் எந்த மூலையில் யார் மீன் செதிலிலிருந்து கொலாஜன் எடுத்தாலும் கிண்டியில் வரைந்த அந்த முறுக்குக் கயிற்றைத்தான் குலையாமல் எடுக்கப் பார்க்கிறார்கள். குளிர்கடல் மீனின் கொலாஜன் நம் உடல் சூட்டிலேயே குலைந்துவிடும், நம் பக்கத்து மீன்களுடையது அதைவிடத் தாங்கும்.

முட்டை ஓட்டைப் பொடித்துச் சாப்பிட்டால் எலும்பு கூடுமா? சித்த மருத்துவத்தில் முட்டை ஓட்டுப் பற்பம் இருக்கிறதே?

சாப்பிடுவது வேறு, குழியில் வைப்பது வேறு. சாப்பிட்டால் அது கால்சியம் மாத்திரை மாதிரி, ஒரு கிராம் ஓட்டில் சுமார் 380 மில்லிகிராம் கால்சியம். குறைபாடு இருந்தால் கால்சியம் தேவைதான், ஆனால் அது வயிற்றில் கரைந்து உடம்பு முழுக்கப் போகுமே தவிர, முறிந்த இடத்தைத் தேடிப்போய் அடைக்காது. கழுவாத ஓட்டில் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம், சரியாகப் பொடியாத சில்லு தொண்டையைக் கீறும். சித்தி, தயவுசெய்து நிறுத்திவிடுங்கள்.

அண்ட ஓட்டுப் பற்பம் முறைப்படி புடம் போட்டது, அதைக் கொடுக்க வேண்டியவர் சித்த மருத்துவர், நான் இல்லை. புத்தூர் கட்டில் வைக்கும் முட்டையைப் பற்றியும் கேட்கிறார்கள். அதில் வெள்ளைக்கரு காய்ந்து கட்டை இறுக்கிப் பிடிக்கிறது, அது வெளிக்கட்டு. உள்ளே போய் எலும்புக்குச் சாரமாக நிற்பதில்லை.

டாக்டர் வைக்கும் நிரப்பி மாட்டு எலும்பா? எப்படித் தெரிந்துகொள்வது?

மாட்டு எலும்பாக இருக்க நிறையவே வாய்ப்புண்டு. உலகம் முழுக்கப் பல் மருத்துவத்தில் அதிகம் பேசப்படும் நிரப்பிகளில் ஒன்று சுவிட்சர்லாந்தின் பயோ-ஆஸ், அது மாட்டு எலும்பிலிருந்து புரதத்தை நீக்கிய தாது.

இதைச் சொல்லும்போது எனக்கு ஒரு வருத்தம் இருக்கிறது. மாட்டுங்காவில் எங்களுக்குத் தெரிந்த ஒரு மாமி, முட்டைகூடத் தொடாதவர், பல் இம்ப்ளான்ட்டுக்காகத் தாடையில் பொடி வைத்துக்கொண்டார். வைத்த டாக்டர் "செயற்கை எலும்பு மாமி" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். மூன்று மாதம் கழித்து பில்லோடு ஒட்டியிருந்த சீட்டை என்னிடம் காட்டி "இதில் என்ன எழுதியிருக்கு, பாரேன்" என்று கேட்டார். நான் படித்துவிட்டு எப்படிச் சொல்வதென்று தெரியாமல் நின்றேன். பொய் சொல்ல மனம் வரவில்லை, சொன்னேன். ஒன்றும் பேசாமல் சீட்டை மடித்து வைத்துக்கொண்டார். அந்தப் பொடியில் மருத்துவ ரீதியாக ஒரு குறையும் இல்லை, எலும்பு நன்றாகவே வளர்ந்தது. ஆனால் கேட்காமல் வைத்தது தவறு. இன்றைக்கும் எனக்கு அதுதான் நிலைப்பாடு.

ஆகவே வைப்பதற்கு முன்பே கேளுங்கள்: இது எதிலிருந்து வந்தது, மாடா, பன்றியா, மனித தானமா, முழுக்கச் செயற்கையா? பெட்டியின் மேல் எழுதியிருக்கும், லேபிளைக் கேட்டு வாங்கிக் கோப்பில் வையுங்கள். முழுச் செயற்கை நிரப்பிகளும் கிடைக்கின்றன. மீன் முள் பொடி வந்தால் இந்துக்களில் பலருக்கும் முஸ்லிம்களுக்கும் மாடு, பன்றி என்ற சிக்கல் தீரும், சைவர்களுக்குத் தீராது. முட்டை ஓடு விஷயத்தில் ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு பதில் வருகிறது, அதை அவரவரே முடிவு செய்யட்டும்.

குப்பையிலிருந்து எடுத்ததை உடம்புக்குள் வைப்பது பாதுகாப்பா?

கிருமி பயம் சுடுவதிலேயே பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது, 900 டிகிரியில் எந்தக் கிருமியும் மிஞ்சாது. ஆனால் குறைந்த சூட்டில் செய்யும் பொருட்களுக்கும் கொலாஜனுக்கும் அது பொருந்தாது. 1986இல் பிரிட்டனில் மாடுகளுக்குப் பித்துநோய் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு, மாட்டு எலும்பு எந்த நாட்டிலிருந்து, எந்த மந்தையிலிருந்து வந்தது என்பதுவரை கேட்கிறார்கள். மீனும் முட்டை ஓடும் அந்தச் சிக்கலில் இல்லை.

எனக்கு அதிக பயம் கன உலோகங்களைப் பற்றித்தான். அதைச் சூடு அழிக்காது. அழுக்குக் கடலில் வளர்ந்த மீனின் முள்ளில் ஈயம் இருந்தால், சதை எரிந்து போக, பொடியில் ஈயம் இன்னும் செறிவாகிவிடும். அறுவை சிகிச்சைக்கான ஹைட்ராக்ஸிஅபடைட்டுக்கு அமெரிக்கத் தரநிலையில் பத்து லட்சம் பங்கில் ஈயம் 30, காட்மியமும் பாதரசமும் 5, ஆர்சனிக் 3 என்று எல்லை இருக்கிறது. ஒவ்வொரு தொகுதியையும் சோதிக்க வேண்டும்.

கடைசியில் பொட்டலம் கட்டிக் கதிர் காட்டுவார்கள். மும்பைக்காரர்களுக்கு இது பக்கத்து வீட்டு விஷயம், டிராம்பேயில் 1974 முதல் ஐசோமெட் என்ற நிலையம் கோபால்ட் கதிரால் மருத்துவப் பொருட்களைக் கிருமி நீக்கித் தருகிறது. வழக்கமான அளவு 25 கிலோகிரே (கதிரை அளக்கும் அலகு). கதிர் காட்டியதால் பொடியில் கதிரியக்கம் ஒட்டிக்கொள்ளாது, பயப்பட வேண்டாம்.

வைத்த பொடி எவ்வளவு நாளில் எலும்பாகும்? கால் எலும்புக்கும் வைக்கலாமா?

ஹைட்ராக்ஸிஅபடைட் மிக மெதுவாகக் கரையும், வருடக்கணக்கில் எக்ஸ்-ரேயில் தெரியும். டிரைகால்சியம் பாஸ்பேட் சீக்கிரம் கரையும். இரண்டையும் கலந்து, எலும்பு வளரும் வேகத்துக்குக் கரையும் வேகத்தைப் பொருத்தப் பார்ப்பார்கள். துளையின் அளவும் முக்கியம், ரத்தக்குழாய் நுழைய ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்காவது வேண்டும், மூன்று பங்கு இருந்தால் இன்னும் நல்லது. ஒரு துளையிலிருந்து அடுத்த துளைக்கு வழியும் இருக்க வேண்டும்.

தொடை எலும்பில் இது தனியாக நிற்காது. இது பீங்கான், பாரம் ஏறினால் பொறுக்காமல் விரிசல் விடும். தகடோ கம்பியோ பாரத்தைத் தாங்க, இது இடைவெளியை நிரப்பும். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கும் புகைப்பவர்களுக்கும் எந்த நிரப்பியும் சரியாகப் பிடிக்காமல் போகும் வாய்ப்பு அதிகம். இதை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்.

முட்டை ஓட்டுப் பொடி ஆஸ்பத்திரியில் இப்போது கிடைக்குமா?

மாட்டு எலும்பும் செயற்கைப் பொடியும்தான் இன்று வழக்கத்தில் இருக்கின்றன. முட்டை ஓட்டிலிருந்து வந்தது பெரும்பாலும் ஆய்வுக்கூடத்திலும் எலி, முயல் சோதனைகளிலும் இருக்கிறது. இந்தியப் பல் மருத்துவர்கள் சிலர், நீர்க்கட்டி எடுத்த தாடைக் குழிகளில் சில நோயாளிகளுக்கு வைத்துப் பார்த்து நல்ல பலன் வந்ததாக எழுதியிருக்கிறார்கள். சின்ன அளவிலான முயற்சிகள் அவை. 2017ஆம் ஆண்டின் மருத்துவ சாதன விதிகளின்படி, உடம்புக்குள் வைக்கும் பொருள் உயர் ஆபத்து வகுப்பில் வருகிறது. செல் சோதனை, விலங்கு, மனிதர், தொழிற்சாலை உரிமம் என்று வரிசையாகத் தாண்ட வேண்டும். இதில் காலம் போகிறதே என்று எரிச்சல்படுபவர்களைப் பார்த்திருக்கிறேன், நான் அந்தப் பக்கம் இல்லை. என் அம்மாவின் தாடையில் வைப்பதாக இருந்தால் நான் என்னென்ன கேட்பேனோ, அதைத்தான் அந்த விதிகள் கேட்கின்றன.

இதனால் மும்பைக் குப்பைப் பிரச்சினை தீருமா?

தீராது. இதை மறைத்துப் பேசுவது எனக்குப் பிடிக்கவில்லை. 2023-24இல் இந்தியாவின் முட்டை உற்பத்தி சுமார் 14,277 கோடி. ஒரு ஓடு ஐந்தரை கிராம் என்று வைத்தால் ஏழரை லட்சம் டன்னுக்கும் மேல் ஓடு. எலும்பு நிரப்பி கிராம் கணக்கில் போகிற பொருள், இந்தியா முழுக்கச் சேர்த்தாலும் அந்த மலையில் ஒரு கூடைகூட ஆகாது. மிச்ச ஓட்டுக்கு உரம், கோழித்தீவனம், சிமென்ட் என்று வேறு வழிகள்தான். 1927 முதல் குப்பை கொட்டும் தேவ்னார் மேடு எங்கள் உலையால் ஒரு அங்குலம்கூடக் குறையப்போவதில்லை.

அப்படியானால் எதற்கு இந்த வேலை? நல்ல நிரப்பி பலவும் வெளிநாட்டுச் சரக்கு, அரசு ஆஸ்பத்திரிக்கு வரும் கூலித் தொழிலாளிக்கு எட்டுவதில்லை. நாமக்கல்லிலும் இந்த ஊரிலும் தூக்கிப் போடும் ஓட்டிலிருந்து இங்கேயே, நம்பும் தரத்தில் செய்ய முடிந்தால் அவருக்கும் எட்டும். எனக்கு இது நோயாளிக்கான வேலை.

எங்கள் ஹோட்டலில் தினமும் நூற்றுக்கணக்கான ஓடு விழுகிறது. கொடுக்கலாமா?

ஆய்வுக்கும் மாணவர் பயிற்சிக்கும் தாராளமாகக் கொடுக்கலாம். மனிதருக்குப் போகும் சரக்கு என்றால் எந்தப் பண்ணை, என்ன தீவனம், எந்தத் தேதி என்று எல்லாம் தெரிய வேண்டும், அதற்கு ஒரே மாதிரி முட்டையை இயந்திரத்தில் உடைத்துப் பொடியாக்கும் ஆலைகளின் ஓடுதான் சரி.

என் முதல் தொகுதி வீணானது ஓட்டினால் இல்லை. ஒரு வண்டியில் பொதுவாளியிலிருந்து அள்ளிக்கொண்டு வந்தேன், அதில் வெங்காயத் தோல், மஞ்சள்தூள், எண்ணெய், உப்பு எல்லாம் ஒட்டியிருந்தன. எத்தனை முறை கழுவியும் சோடியமும் குளோரினும் போகவில்லை, பொடி சாம்பல் நிறத்தில் வந்தது. இரண்டு வார வேலை போயிற்று. ஓலா கச்ரா (ஈரக் குப்பை), சுகா கச்ரா (உலர்ந்த குப்பை) என்று இரண்டாகப் பிரித்தாலே போதும் என்று நினைத்திருந்தேன், ஓட்டைப் பொறுத்தவரை உடைக்கும் அந்த நொடியிலேயே தனியாகப் போக வேண்டும், பிறகு எவ்வளவு செலவழித்தாலும் பிரிக்க முடியாது. வாளியில் எது விழுகிறது என்பதை முடிவு செய்கிறவர் அண்ணாச்சியும் அவர் கடையில் நிற்கும் பையனும்தான். இந்த வேலையின் தரம் அவர்கள் கையில் தொடங்குகிறது என்று நான் மனதார நம்புகிறேன், அதற்கான காசையும் கொடுக்கிறேன்.

கொடுக்க விரும்புகிறவர்களுக்கு: முட்டையை உடைத்ததும் ஓட்டைத் தண்ணீரில் ஒருமுறை அலசுங்கள், சோப்பு வேண்டாம். தட்டில் பரப்பி வெயிலிலோ அடுப்புப் பக்கமோ காயவையுங்கள். ஈரத்தோடு பையில் கட்டினால் மறுநாளே நாறும். வேகவைத்த முட்டை ஓடும் ஆகும், ஆனால் பச்சை முட்டை ஓட்டோடு கலக்க வேண்டாம். பழுப்பு ஓட்டையும் வெள்ளை ஓட்டையும் தனித்தனியாக வைத்தால் எனக்கு ரொம்ப உதவி. அண்ணாச்சி வண்டியில் ஒரு நீல வாளி தொங்கும், மூடி போட்டது. ஓட்டை மட்டும் அதில் போடுங்கள், செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம் நான் வந்து எடுத்துக்கொள்கிறேன்.